இசக்கி எழுதிய மூன்று தாள்

ஐப்பசி 9, வெள்ளி

மகள் இசக்கியின் டீச்சர் இன்று கூப்பிட்டுச் சொன்னார். "ஒரு நாள்ல எப்போ என்ன செய்யுதேன்னு எழுதச் சொன்னா, மூணு தாள் கொண்டாந்திருக்கா. பிள்ளைக்கு ஒரே நேரம் வேணும்லா?"

கங்கைகொண்டான் கம்பெனியில் எனக்கு வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும். ஷிப்டுக்கு ஒரு தாள் எழுதியிருக்கிறாள். விளக்கம் சொல்லத் தெம்பில்லை. தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டில் அவளிடம் கேட்டேன். "ஏட்டி, இதுல எது சரி?"

"ஒனக்கு எந்த ஷிப்டு?" என்றாள்.

சாப்பாடு, தூக்கம் எல்லாம் தாளுக்குத் தாள் மாறுகிறது. 'அம்மா தலை பின்னுவாள்' மட்டும் மூன்றிலும் இருக்கிறது. காலை ஷிப்ட் தாளில் நாலு மணிக்கு, நான் வேலைக்குக் கிளம்புமுன். பக்கத்தில் 'தூங்கிக்கிட்டே' என்று போட்டிருக்கிறாள்.

அந்தப் பின்னல் விடிவதற்குள் தலையணையில் குலைந்துவிடும். பக்கத்து வீட்டு மதினிதான் திரும்பப் பின்னிப் பள்ளிக்கு அனுப்புகிறாள். அதை இசக்கி எந்தத் தாளிலும் எழுதவில்லை.