மாமியார் பேச்சும் என் கையெழுத்தும்

செப். 8, திங்கள்
காலையிலேயே புழுக்கம். காவிரிப் பாலத்தில் நெரிசல், ஓ.பி.க்கு லேட். மேசை மேல் கம்ப்யூட்டரோடு இணைத்த புது ஏ.ஐ. மைக். நானும் கர்ப்பிணிகளும் பேசுவதைக் கேட்டு அதுவே கேஸ் ஷீட் எழுதிவிடுமாம். ஸ்கிரீனில் படித்துப் பார்த்து நான் கையெழுத்துப் போட்டால் போதும். நல்லதுதான். ஸ்ரீரங்கத்துக்கு வெளிச்சத்தோடு வீடு திரும்பி எத்தனை நாளாயிற்று.

செப். 10, புதன்
எரிச்சல். நான் நாலு வரியில் முடிப்பதை அது ஒன்றரைப் பக்கம் எழுதுகிறது. பஸ் கிடைக்காத கதை, கொழுந்தன் கல்யாணம், எல்லாம் உள்ளே. வெட்டி வெட்டிக் கை ஓய்ந்தது. டைப் அடித்ததே தேவலை.
வாங்க வேண்டியது: தயிர், கொத்தமல்லி, இவருக்கு சுகர் மாத்திரை.

செப். 12, வெள்ளி
மேனேஜர் வந்தார். "இப்பதான் எழுதுற வேலை இல்லையே டாக்டர், டோக்கனைக் கொஞ்சம் கூட்டிக்கலாம்." நேரம் எங்கே மிச்சம் என்று கேட்டேன். சிரித்துவிட்டுப் போனார். கோபத்தில் டீ ஆறிப்போனது.
மண்ணச்சநல்லூர்ப் பெண், ஏழாம் மாதம், தலைப்பிரசவம். எதைக் கேட்டாலும் கூட வந்த மாமியார்தான் பதில். "தலைவலியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க டாக்டர், நல்லா சாப்பிடுறா." பி.பி. சற்றுக் கூடுதல். வழக்கமாக மாமியார்களை ஏதாவது சாக்குச் சொல்லி வெளியே அனுப்பிவிட்டுப் பெண்ணிடம் தனியாகக் கேட்பேன். இன்று கூட்டம். அடுத்த வாரம் வரச் சொன்னேன்.

செப். 16, செவ்வாய்
மழை வரும்போல் இருந்து வரவில்லை. அந்தப் பெண்ணை மதியம் காரில் தூக்கி வந்தார்கள். வீட்டில் வலிப்பு. பி.பி. எகிறிக் கிடந்தது. ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தோம். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். பிள்ளை இன்குபேட்டரில்.
வெள்ளிக்கிழமை ஷீட்டைத் திறந்து பார்த்தேன். தலைவலி இல்லை என்று நோயாளியே சொன்னதாக இருக்கிறது. அந்த பி.பி.யோடு தலைவலியும் என்று தெரிந்திருந்தால் அன்றே அட்மிட் செய்திருப்பேன். மாமியார் பேசியது முழுக்க மருமகள் பேச்சாக. கீழே என் கையெழுத்து. படித்துவிட்டுத்தான் போட்டேன்.

செப். 18, வியாழன்
மைக் ஆள் மாற்றி எழுதியதை மேனேஜரிடம் சொன்னேன். "நீங்க பாத்துட்டுதானே டாக்டர் சைன் பண்ணீங்க?"
வார்டில் அந்தப் பெண் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மாமியாரைக் காபி வாங்க அனுப்பினேன். தலைவலி எப்போதிலிருந்து என்று கேட்டேன்.
"ஓ.பி.க்கு வந்த அன்னைக்கே இருந்துச்சுங்க."
"எங்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா."
"நெத்தியப் புடிச்சிக்கிட்டுத்தான் டாக்டர் உக்காந்திருந்தேன். நீங்க ஸ்கிரீனையே பாத்துக்கிட்டு இருந்தீங்க."