சீனி போட்டுத் திரும்பிய ஃப்ளாஸ்க்

உன் ஃப்ளாஸ்க் இன்று காலை என் வீட்டுக்கு வந்துவிட்டது. மூடியைத் திறந்தால் உள்ளே சீனி. பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக்கூடாது என்று உன் மாமியார் போட்டுக் கொடுத்தது. சீனியையும் மீறி உன் ஏலக்காய் டீயின் வாசனை வருகிறது. இத்தனை மாதம் அதில் என் பால் போய் வந்திருக்கிறது, வெந்நீர் ஊற்றி ஊற்றிக் கழுவியிருக்கிறேன், இன்னும் போகவில்லை. பிடிவாதத்தில் அப்படியே உன்னை மாதிரி. அடுப்படியில் நின்று முகர்ந்துகொண்டே இருந்தேன். விஷயத்தை உன்னிடம் சொல்லியாக வேண்டும். உன் மகன் பால்குடி மறந்துவிட்டான்.

பிரசவ விடுப்பு முடிந்து நாம் இருவரும் ஏறக்குறைய ஒரே சமயத்தில்தான் தில்லை நகர் ஆடிட்டர் ஆபீஸுக்குத் திரும்பினோம். பால் எடுக்க இடம் கேட்டதற்குப் பழைய ஃபைல் அறையின் சாவியைக் கொடுத்தார்கள். நாற்காலிகளை முதுகோடு முதுகாகப் போட்டுக்கொண்டு, துப்பட்டாவால் மூடிக்கொண்டு, பம்ப் கிர்ரென்று ஓட உட்கார்ந்திருப்போம். யாராவது கதவைத் தட்டினால், பழைய ஃபைல் தேடுகிறோம் சார், கிடைக்கவில்லை என்று நீ குரல் கொடுப்பாய். எனக்கு வருகிற சிரிப்பில் பாட்டில் கவிழ்ந்துவிடும்.

உனக்குப் பையன், எனக்குப் பெண். வந்த முதல் நாளே என்னைச் சம்மந்தி ஆக்கிவிட்டாய். "என்ன சம்மந்தி, என் மருமகளுக்கு இன்னைக்கு இவ்வளவுதானா?" என்று என் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாய். நீ பாலக்கரை ராவுத்தர் வீட்டுப் பெண், நான் ஸ்ரீரங்கத்துக்காரி. நடக்கிற காரியமா என்று இருவருக்கும் தெரியும். அதனால்தானோ என்னவோ அவ்வளவு தாராளமாகச் சீர்வரிசை பேசினோம். கல்யாணச் சாப்பாடு மட்டும் முடிவாகவே இல்லை. நீ பிரியாணி என்பாய், நான் புளியோதரை என்பேன். பாட்டில் நிறைந்துவிடும், சண்டை முடியாது.

மழைக்காலத்தில் காய்ச்சல் என்று லீவு போட்டாய். பிறகு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. அங்கிருந்து நீயே போன் செய்தாய். குரல் கம்மிப்போயிருந்தது. மருந்து ஏறுவதால் உன் பாலைக் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். பையனோ பவுடர் பாலைக் குடிக்கக் குடிக்க வாந்தி எடுக்கிறானாம். என்னிடம் கொஞ்சம் இருக்குமா என்று கேட்டாய். நான் பதில் சொல்வதற்குள், ஒரு நிமிஷம் இரு, ஒன்று சொல்லிவிடுகிறேன் என்றாய்.

"எங்க மார்க்கத்துல, ஒரே அம்மாகிட்ட பால் குடிச்ச பிள்ளைங்க கூடப் பொறந்த மாதிரி. கட்டிக்கக் கூடாது. அப்புறம் நாம சம்மந்தி ஆக முடியாது. பரவாயில்லையா?"

இருமலுக்கு நடுவே சிரித்தாய். அதெல்லாம் அப்புறம் பேசிக்கொள்ளலாம், நீ முதலில் எழுந்து வா என்றேன். நீ வரவில்லை.

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் உன் வீட்டுக்காரர் ஆபீஸ் மாடிப்படியில் வந்து நிற்பார். கீழே ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கி, பையில் போட்டு, பால் ஊற்றிய உன் டீ ஃப்ளாஸ்க்கை அதற்குள் வைத்துக் கொடுப்பேன். வரேம்மா என்பதற்கு மேல் பேச மாட்டார். எனக்கும் பேச வராது. என் வீட்டுக்காரர் ஓசூரில் வேலை பார்க்கிறார், ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். காப்பகத்திலிருந்து குழந்தையைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனால் பேச்சுத்துணைக்கு ஆள் கிடையாது. ஃபைல் அறையில் உன் நாற்காலி என் முதுகுக்குப் பின்னால் அப்படியேதான் கிடக்கிறது, எடுக்க விடவில்லை. அங்கே உட்கார்ந்து பால் எடுக்கும் நேரம்தான் உன்னோடு பேசுகிற நேரம். உன் பையனுக்கு எடுக்கும்போது பால் சீக்கிரம் இறங்கும். குறைந்தால் நீ திட்டுவாய் என்ற பயமாக இருக்கும்.

பிள்ளைகளுக்கு ஒரு வயது நிறைந்தது. இனி மாட்டுப்பால் பழக்கலாம், முதலில் தாய்ப்பாலில் கொஞ்சம் கலந்து கொடுங்கள், போகப் போக அளவைக் கூட்டுங்கள் என்று புத்தூர் டாக்டர் சொன்னார். உன் மருமகள் சரியான துரோகி. கலந்ததே தெரியாமல் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டாள். உன் மகன் துப்பினான். அதை உன் வீட்டுக்காரர் சொன்னபோது அடடா என்று வருத்தப்பட்டேன், ஆனால் உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. உன்னுடையது என்று எனக்கு மிச்சமிருப்பது அவன்தான். அவன் பால் மறந்துவிட்டால் அந்த வீட்டுக்கு நான் யார்? செத்துப்போன சிநேகிதியின் வீட்டுக்காரர் எந்தக் காரணத்தைச் சொல்லிக்கொண்டு தினமும் வந்து நிற்பார்?

ஒருநாள் அவர் போன் செய்தார். டம்ளர் நிறைய வெறும் மாட்டுப்பாலையே குடித்துவிட்டானாம், இனி நீங்கள் சிரமப்பட வேண்டாம் என்றார். சிரமமாம்! ரொம்ப சந்தோஷம் அண்ணே என்று சொல்லி வைத்துவிட்டு, ஃபைல் அறையைப் பூட்டிக்கொண்டு அழுதேன்.

பால் எடுப்பதைக் குறைக்கக் குறைக்க மார் கட்டிக்கொண்டது. மல்லிகைப்பூ வைத்துக் கட்டு, வற்றிவிடும் என்று பக்கத்து வீட்டு மாமி பூவும் வாங்கிக் கொடுத்தார். தலையில் வைக்கிற பூவை மாரில் கட்டிக்கொண்டு படுத்துக் கிடந்தேன். நீ இருந்திருந்தால் இதற்கு என்னென்ன கிண்டல் பண்ணியிருப்பாய்! கடைசியில் வற்றித்தான் போனது.

இன்று காலை காலிங்பெல் அடித்தது. உன் மாமியார், பின்னால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உன் வீட்டுக்காரர். இந்த வீட்டுக்கு அவர்கள் வருவது இதுதான் முதல் தடவை. ஃப்ளாஸ்க்கைக் கையில் கொடுத்ததும் என் முகம் மாறியிருக்க வேண்டும். இனி இது எதற்கு, அவன்தான் பால் மறந்துவிட்டானே, உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும் என்றேன்.

"பால்தானம்மா நின்னுச்சு, உறவு நிக்குமா? நீ அவனுக்குப் பால் குடுத்த அம்மா. நாளைக்கு அவனுக்குப் பொண்ணு பார்க்கப் போனாலும் நீ இல்லாம போக மாட்டோம்" என்றார் உன் மாமியார்.

உன் மகன் என்னிடம் வரவில்லை. இத்தனை மாதம் என் பாலைக் குடித்தவனுக்கு என் முகம் தெரியாது. கையை நீட்டினேன், தூக்கிக்கொண்டிருந்த அத்தாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். புருவத்தைச் சுருக்கினால் அச்சு அசல் நீதான். இறக்கிவிட்டதும் தத்தித் தத்தி நேராக என் மகளிடம் போய், அவள் கையிலிருந்த மணப்பாறை முறுக்கைப் பிடுங்கினான். அவள் அவன் முடியைப் பிடித்து இழுத்தாள். அண்ணனை அப்படிச் செய்யக்கூடாது என்று உன் மாமியார் அவளை அதட்டினார்.

அவர்கள் போய்விட்டார்கள். குழந்தை தூங்குகிறாள். உன் சீனியைப் போட்டு டீ குடித்தேன். என்னைச் சம்மந்தி என்று கூப்பிட இனி ஒருவரும் இல்லை. அது போனது போனதுதான். அன்று போனில் நீ கேட்டதற்குத்தான் நான் பதிலே சொல்லவில்லை. பரவாயில்லைடி. அவனுக்குப் பெண் பார்க்க அம்மாவாக நானே போகிறேன். கல்யாணச் சாப்பாடு பிரியாணிதான் சம்மந்தி, நீ ஜெயிச்சுட்ட.