இரண்டடி மதில்

இன்று காலை வடசேரி விளையாட்டுத் திடலில் ஈரச் சாந்து மணத்ததும் உன் நினைவு வந்துவிட்டது. நாம் வெட்டிக் குறைத்த மதிலை மறுபடியும் ஏழடிக்கு உயர்த்த வேண்டுமாம். "பிள்ளையளுக்குப் பாதுகாப்பு வேணும்லா கொத்தனாரே" என்று கரண்டியை என் கையில் தந்தார் வார்டு மெம்பர்.

பழைய ஏழடி மதிலும் என் கைவேலைதானே. இந்தியாவிலேயே அப்படியொரு மதில் கிடையாது. அதைப் பார்க்கத் திருவனந்தபுரத்திலிருந்து பத்து எஞ்சினீயர்கள் வந்தார்கள். சரி, இரண்டு பேர். அவர்களும் வழி கேட்கத்தான் நின்றார்கள்.

அந்த மதிலுக்குள்ளேதான் மரச்சீனிக் கிழங்கு விற்பவளின் மகள் சறுக்கிலிருந்து விழுந்து கை ஒடிந்து கிடந்தாள். அம்மா வெளியே, இருபதடி தூரத்தில் கிழங்கு நிறுத்துக்கொண்டிருந்தாள். சந்தை இரைச்சலில் அழுகை கேட்கவில்லை. மதில் பிள்ளையை மறைத்துவிட்டது. தக்கலை பஸ்ஸில் கண்டக்டர் வேலை முடிந்து திடலுக்குள் குறுக்கே நடந்து வந்த நீதான் தூக்கினாய்.

அன்று சாயங்காலம் என்னை உள்ளே இழுத்துப்போனாய்.

"குத்த வெச்சு இருலே. என்ன தெரியுது?"

"எனக்க மதிலு."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல."

"பிள்ளையளுக்கும் அவ்வளவுதாம்லே. நாகர்கோவில்ல பொறந்த பிள்ளைக்கு நாகர்கோவிலு தெரியல்ல. அம்மைக்குப் பிள்ளையத் தெரியல்ல."

கை கொடுத்து என்னைத் தூக்கிவிட்டாய். மூன்று நாள் உன்னோடு நான் பேசவில்லை. நாலாம் நாள் கடப்பாரையோடு வந்தேன். ஒரே அடியில் சாய்த்ததாக ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். இரண்டு நாள் நீயும் கூட நின்று இடித்தாய்.

மிஞ்சிய இரண்டடியில் சந்தைப் பெண்கள் உட்கார்ந்தார்கள். "ஏட்டி, தலகீழா ஏறாத" என்று யார் பிள்ளையையும் யாரும் அதட்டினார்கள். பிள்ளைகள் பஸ் போர்டைப் பார்த்து எழுத்துக் கூட்டின. நீ படியில் நின்று "தக்கலை, தக்கலை" என்று கூவினால் உள்ளேயிருந்து இருபது குரல் திருப்பிக் கூவும்.

இன்று மதில்மேல் நாலு வரிசைக் கல்லைச் சாந்தில்லாமல் அடுக்கினேன். மெம்பரை உள்ளே கூட்டிப்போய்க் குத்த வைத்தேன். வேட்டியைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"என்ன தெரியுது?"

"கல்லு."

அதே நேரம் வெளியே ஒரு பெண்குரல்: "கொத்தனாரே, எனக்க பிள்ளையக் காணல்லியே."

மெம்பர் எழும்பி வெளியே எட்டிப் பார்த்தார். "கல்ல எறக்கும்வே" என்றார். பிறகு, "இது யாருக்க யோசன?"

என் யோசனை என்று சொல்லிவிட்டேன். எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லி வருகிறேன். உன்னிடம் மட்டும் அது செல்லாது.

நீ போய்ச் சேர்ந்த பிறகும் எந்த வேலையிலும் முதல் கல் வைக்குமுன் குத்த வைத்துப் பார்க்கிறேன். உட்காருவது சுலபம். எழும்பும்போதுதான் உன் கையைத் தேடுகிறேன்.