ஆணையத்தில் ஏழாவது நாற்காலி

மார்ச் 4, செவ்வாய்

வாஷிங் மெஷின் மறுபடி பாதியில் நின்றுவிட்டது. ஈரத் துணியைக் கையால் பிழிந்துகொண்டிருந்தபோது போன். நிதி நிறுவனங்களைக் கண்காணிக்கிற ஆணையத்தின் செயலாளர். உறுப்பினர் பதவிக்குத் தேர்வுக் குழு என் பெயரைத்தான் பரிந்துரைத்திருக்கிறதாம். அமைச்சர் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. "கெஜட்ல வர்ற வரைக்கும் மூச்சு விடக் கூடாது மேடம்" என்றார்.

என்னிடம் போய்ச் சொல்கிறார்! வீட்டில் எனக்குப் பெயரே வாயாடி.

ஏற்கெனவே ஆறு பேர் இருக்கிறார்கள். வங்கிக்காரர்கள், வக்கீல்கள், ஒரு இன்ஷூரன்ஸ்காரர். ஏழாவது நாற்காலி இப்போதுதான் உண்டாக்கியது, பணத்தைப் போடுகிறவர்கள் பக்கம் நின்று பேசுவதற்கென்று. நுகர்வோர் சங்கத்தின் புகார் மனுக்களைத் தூக்கிக்கொண்டு அந்தக் கட்டடத்து வாசலில் எத்தனை வருடம் நின்றிருப்பேன். ஒரு தடவைகூட லிஃப்ட் வரை விட்டதில்லை. எனக்கு அந்த நாற்காலி வேண்டும். இங்கேயாவது வெட்கப்படாமல் எழுதிக்கொள்கிறேன் – வேண்டும்.

இவரிடம் மட்டும் சொன்னேன். "அப்ப இனிமே கத்தறதுக்கு வேற ஆள் கிடைச்சாச்சு. எனக்கு விடுதலை" என்றார். பிறகு அவரே மிச்சத் துணியையும் பிழிந்து உலர்த்தினார்.

மார்ச் 6, வியாழன்

அடுத்த கூட்டத்துக்கான தாள்களைச் செயலாளர் இன்றே கொடுத்தனுப்பிவிட்டார். கையெழுத்தே ஆகவில்லையே என்று போனில் கேட்டேன். "அது எப்படியும் வந்துடும் மேடம். புதுசா வர்றவங்க முதல் நாள் முழிச்சிட்டு உட்காரக் கூடாதுன்னு எப்பவும் முன்னாடியே குடுத்துடுவோம்." நல்ல எண்ணம்தான். வேண்டாம் என்று திருப்பி அனுப்ப எனக்கும் மனம் வரவில்லை. ஆசை.

இரண்டாவது விஷயம், மஞ்சள் போர்டு கம்பெனி. டெபாசிட் வாங்குகிற அந்த நிறுவனத்துக்கு நீளமாக ஒரு பெயர் உண்டு, யாரும் சொல்வதில்லை. தெருவுக்குத் தெரு மஞ்சள் போர்டு. உள்ளே சட்டி காலி. இன்றைக்குப் போடுகிறவர் பணத்தை எடுத்து நேற்றுப் போட்டவருக்கு வட்டி கொடுக்கிறார்கள். யாரோ ஒரு பெரிய முதலாளி பணம் போட வரலாம், பேச்சு நடக்கிறது. அதுவரை வெளியே கசிந்தால் ஒரே நாளில் கவிழ்ந்துவிடும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது.

படித்து முடித்து பீரோவில் வைத்துப் பூட்டிய பிறகுதான் உறைத்தது.

அக்கா.

நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது கையில் வந்ததை முழுக்க அவள் அங்கேதான் போட்டு வைத்திருக்கிறாள்.

மார்ச் 7, வெள்ளி

கையெழுத்து ஆகவில்லை, அமைச்சர் வெளியூராம். அக்கா போன் செய்தாள். நான் எடுக்கவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

போனை எடுக்காவிட்டால் ஆளே வந்துவிடுவாள் என்று தெரிந்திருக்க வேண்டும். நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். வந்து எதிரே உட்கார்ந்து அவளும் ஒரு கைப்பிடி எடுத்து நார் உரிக்க ஆரம்பித்தாள்.

"ஏன்டி, போனை எடுத்தா கை சுட்டுடுமா?"

"வேலையா இருந்தேன்க்கா."

"சரி விடு. மஞ்சள் போர்டு டெபாசிட் செவ்வாய்க்கிழமை முடியுது. திரும்பப் போட்டா அரை பர்சன்ட் கூடத் தர்றானாம். போட்டுடட்டுமா?"

எடுத்துவிடு என்றால் ரகசியத்தை விற்றவள் ஆவேன். அந்த நாற்காலியில் உட்காரும் முன்பே அதன் காலை நானே ஒடித்த மாதிரி. போடு என்றால் கூடப் பிறந்தவளைக் கிணற்றில் தள்ளிய மாதிரி.

"என்னைக் கேக்காதக்கா" என்றேன்.

"ஏன்?"

"கேக்காதன்னா கேக்காத. காபி போடட்டுமா?"

அக்கா நார் உரிப்பதை நிறுத்தினாள். காய்ச்சலே இல்லை என்று சாதிக்கிற நோயாளியைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தாள். யார் எந்த பாலிசி எடுத்தாலும் கேட்காமலே அரை மணி நேரம் பிரசங்கம் செய்கிறவள் நான். மருமகன் கடனில் ஸ்கூட்டர் வாங்கியதற்கு அவரோடு ஒரு வாரம் சண்டை போட்டவள்.

"சரி" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். காபி குடிக்கவில்லை.

மார்ச் 10, திங்கள்

நான் என்ன சொன்னேன்? ஒன்றும் சொல்லவில்லை. எந்தக் கோவிலில் வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன்.

அப்படியானால் நேற்றிலிருந்து மனசு ஏன் இப்படி அடித்துக்கொள்கிறது? வேறு எப்படித்தான் சொல்லியிருக்க முடியும் – வேறு யாரையாவது கேள் என்றா? அதற்கும் இதே அர்த்தம்தான். சிரித்து மழுப்பியிருக்கலாம். எனக்கு அது வராது. வந்திருந்தால் எப்போதோ உருப்பட்டிருப்பேன்.

உண்மையைச் சொன்னால், அவள் புரிந்துகொண்டிருப்பாள் என்று நிம்மதியாகவும் இருக்கிறது. அதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 12, புதன்

அக்கா போன். "நேத்து முழுசா எடுத்துட்டேன்டி." நான் "ம்" என்றுகூடச் சொல்லவில்லை.

அவள் நிறுத்தவில்லை. "என்கூட வேலை பார்த்தவங்க நாலஞ்சு பேர் கேட்டாங்க. என் தங்கச்சி வாயே திறக்கலன்னு சொன்னேன். நீ வாய் திறக்கலன்னா என்ன அர்த்தம்னு அவங்களுக்குத் தெரியாதா?"

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் வாயை மூடியே கெட்டேன்.

மார்ச் 13, வியாழன்

பஸ்ஸிலிருந்து பார்த்தேன். மஞ்சள் போர்டு வாசலில் தெருமுனை வரை வரிசை.

மார்ச் 14, வெள்ளி

காலையில் ஷட்டரை இறக்கிவிட்டார்கள். பணம் போட வந்த முதலாளி பின்வாங்கிவிட்டாராம். மாலையில் கெஜட் வந்தது. என் பெயர், தகப்பனார் பெயர், பதவிக்காலம். சங்கத்தில் கைதட்டினார்கள். கேக் வெட்டினார்கள். என் துண்டை அப்படியே மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

எப்படியும் மூடத்தான் போகிற கம்பெனி. இல்லையா? இன்னும் ஒரு மாதம் தாங்கியிருந்தால் முதலாளி வந்திருப்பாரோ? யாரைக் கேட்பது.

மார்ச் 15, சனி

அக்கா வீட்டுக்குக் கீழே தையல் கடை வைத்திருக்கிற அம்மா என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். வரிசையில் நின்றாளாம். முன்னால் ஏழெட்டுப் பேர் இருக்கும்போது ஷட்டர் விழுந்ததாம். திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க அந்த ஆபீஸ்ல மெம்பராயிட்டீங்களாமே. கேட்டதும்தாம்மா உசிரு வந்துச்சு. எங்க பக்கம் பேச ஒரு ஆள் உள்ள இருக்குல்ல, அது போதும்."

அக்கா எடுத்தது அவளுக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. மறுபடியும்.

மார்ச் 17, திங்கள்

செயலாளரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார். தாள்களை முன்கூட்டிக் கொடுத்தவர் அவர் அல்லவா, வியர்த்துவிட்டது. "நீங்க எதுவும் பேசலயே மேடம்? பேசாம இருந்ததுக்கு எந்தச் சட்டத்துலயும் தண்டனை கிடையாது. விட்டுடுங்க. எழுதிக் குடுத்தீங்கன்னா அந்த விஷயம் வரும்போது நீங்க வெளிய போயிடணும், ஓட்டும் கிடையாது."

வீட்டில் இவர் அதையே வேறு மாதிரி கேட்டார். "வியாழக்கிழமை கூட்டத்துல என்ன முடிவு பண்ணப் போறாங்க?"

"மிச்சம் இருக்கறதை முதல்ல யாருக்குக் குடுக்கறதுன்னு. பேங்குகளுக்கா, சின்ன டெபாசிட்காரங்களுக்கா."

"அப்ப நீ உள்ள இருந்தாதானே அந்தம்மாவுக்குப் பிரயோஜனம்? யோக்கியம்னு வெளிய வந்து நின்னா யாருக்கு லாபம், உனக்கா அவங்களுக்கா?"

கோபம்தான் வந்தது. அவர் சொன்னதில் தப்பு இல்லை என்பதால் வந்த கோபம்.

எழுதிக் கொடுக்கலாம் என்றிருப்பதை அக்காவிடமும் சொல்லிவிட்டேன். "என்னைக் காட்டிக் குடுக்கப் போறியா? நான் திருடினேனா?" என்று அழுதாள். இல்லைக்கா. நீ திருடவில்லை. ஆனால் என் சங்கத்துக்கு வந்து இதே கதையை வேறொருத்தி சொல்லியிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? அந்த உறுப்பினரை நாற்காலியோடு தெருவில் இழுத்துப் போட்டிருப்பேன்.

மார்ச் 18, செவ்வாய்

எழுதிக் கொடுத்தேன்.

மார்ச் 20, வியாழன்

லிஃப்டில்தான் ஏற்றினார்கள். நீள மேசை, தண்ணீர் பாட்டில், பெயர் எழுதிய பலகை. முதல் விஷயம் சீக்கிரம் முடிந்தது. இரண்டாவதைத் தலைவர் எடுத்ததும் எழுந்து, நான்கு வரியில் சொன்னேன் – தாள்களைப் படித்திருந்தேன், அக்கா கேட்டாள், நான் சொல்லாமல் இருந்தேன், அவள் பணத்தை எடுத்துவிட்டாள். இன்ஷூரன்ஸ்காரர் பேப்பர் கட்டிலிருந்து நிமிர்ந்தே பார்க்கவில்லை. "நன்றி, வெளிய காத்திருங்க" என்றார் தலைவர்.

நடைகூடத்தில் ஒரே ஒரு பெஞ்ச். அதில் டெபாசிட்காரர்கள் சார்பாக மனு கொடுக்க வந்த மூன்று பேர். நடுவில் தையல்காரம்மா.

"என்னம்மா, முடிஞ்சிடுச்சா?"

"இல்ல. இப்பதான் உங்க விஷயம் நடக்குது."

"அப்ப நீங்க ஏன் வெளிய வந்துட்டீங்க?"

அவள் நகர்ந்து இடம் கொடுத்தாள். உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பீன்ஸ் நறுக்கியது, காபி போடட்டுமா என்று கேட்டது, எதையும் விடவில்லை. மற்ற இருவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார்.

கதவு திறந்தது. செயலாளர் என்னைப் பார்க்காமல் அவர்களிடம் சொன்னார். மூன்றுக்கு மூன்றாம். தலைவரின் கூடுதல் ஓட்டில் முடிவாகியிருக்கிறது. முதலில் பேங்குகளுக்கு, மிச்சமிருந்தால் மற்றவர்களுக்கு.

என் ஒரு ஓட்டு.

தையல்காரம்மா அழவில்லை, திட்டவில்லை. மனுவை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தாள். பிறகு என்னிடம், குறை சொல்கிற குரலில்கூட இல்லை, சும்மா மனதில் பட்டதைச் சொல்கிற மாதிரி, "அன்னிக்கு உங்க வீட்டுக்கு அக்காகூட நானும் வந்திருக்கணும்மா" என்றாள்.

லிஃப்டுக்குக் காத்திராமல் படியில் இறங்கிப் போனார்கள். மூன்றாவது விஷயத்துக்கு என்னை உள்ளே கூப்பிட்டார்கள். போனேன்.