அரைக்கால் மாப்பிள்ளைக்கு முழுப் பேண்ட்

அன்புள்ள பெரியவனுக்கு,

உன் அம்மா எழுதிக்கொள்வது. இங்கே வெயில் மட்டும்தான் நல்ல ஆரோக்கியமாக இருக்கிறது, எங்களுக்கு ஏதோ மூச்சு வந்து போய்க்கொண்டிருக்கிறது. நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்றே நினைத்துக்கொள்கிறேன். உங்கப்பா குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உனக்குப் போன் செய்து அழுதது எனக்குத் தெரியும், குழாயைத் திறந்துவிட்டால் என் காதில் விழாது என்று நினைத்திருக்கிறார். உங்கம்மாவுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு, என் பேண்ட்டையெல்லாம் முழங்காலோட வெட்டிட்டா என்று சொன்னார் அல்லவா. நீயும் பதறிப்போய், ஏம்மா இப்படிப் பண்ணினே, பாவம்மா, புதுசா ரெண்டு வாங்கிக் குடும்மா என்று எனக்குச் செய்தி அனுப்பியிருக்கிறாய். ஆமாம், வெட்டினேன். ஒன்றுவிடாமல் வெட்டினேன், உன் தங்கச்சி கல்யாணத்துக்குக் கோட்டோடு தைத்தாரே, அதையும்தான். துணி கெட்டி, கத்தரிக்கோல் நடுவில் சிக்கிக்கொண்டது, நான் விடவில்லை. வெட்டின கால்களை அடுப்படி மிதியடியாகப் போட்டிருக்கிறேன், நன்றாகத் தண்ணீர் இழுக்கிறது.

உனக்குப் பாதிக் கதைதான் தெரியும், அந்தப் பாதியையும் சொன்னவர் அவர். முழுக்கச் சொல்கிறேன், கேள். உன் தங்கச்சி வீட்டுக்காரர் முதல்முதலாக நம் வீட்டுக்கு வந்த அன்று இதே மாதிரி கொளுத்துகிற வெயில், அவர் சைக்கிளில் வந்ததால் டவுசர் போட்டுக்கொண்டு வந்தார். சுத்தமான டவுசர், பெல்ட்டெல்லாம் மாட்டியிருந்தார். உங்கப்பா அவர் முகத்தையே பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தார். அவர் போனதும் என்ன சொன்னார், ஞாபகம் இருக்கிறதா, அரைக்கால் சட்டை போட்டவன் அரைக்கால் ஆளு, கணக்குப்படி எட்டுல ஒரு பங்கு, மிச்சம் ஏழு பங்கை எங்க வெச்சிட்டு வந்தான்னு கேளு என்றார். நாமெல்லாம் சிரித்தோம், நீயும்தான் சிரித்தாய். அன்றிலிருந்து மாப்பிள்ளைக்குப் பெயர் அரைக்கால். பிறகு உங்கப்பாவே அவரைத் தான் வேலை பார்த்த லாண்டரியில் இஸ்திரிக் கூடத்துக்கு வேலைக்குச் சேர்த்தார், அங்கேயும் அதே பெயர்தான். வேலையாட்கள் வாயிலும் அதுவே நின்றது. மாமனாரே அப்படிக் கூப்பிடும்போது மற்றவர்களுக்கு என்ன வந்தது. நீ போன வருஷம் கடற்கரையில் டவுசரோடு நின்று ஒரு போட்டோ அனுப்பினாயே, அதைப் பார்த்துவிட்டு எம்புள்ளை என்ன ஸ்டைலா இருக்கான் பாரு என்று இதே வாய்தான் சொன்னது. ஆம்பளை எப்போது டவுசர் போடலாம் என்று உங்கப்பாவிடம் கேட்டால் ஒரு சட்டப் புத்தகமே சொல்வார். விளையாடலாம், நீந்தலாம், சின்னப் பையனாக இருக்கலாம், வெளிநாட்டில் சம்பாதிக்கிற மகனாகவும் இருக்கலாம். இந்த ஊரில் உழைக்கிற ஆம்பளைக்கு மட்டும் கூடாது.

இந்தக் கோடையில் இஸ்திரிக் கூடம் எப்படி இருந்திருக்கும் என்று நீயே யோசித்துப் பார். ஜன்னல் கிடையாது, தலைக்கு மேல் நீராவிக் குழாய், ஓட்டல் பெட்ஷீட்டை இஸ்திரி மெஷினில் விரித்து மேல்தட்டை இறக்கினால் புஸ்ஸென்று முகத்தில் அடிக்கும். எல்லாரும் சேர்ந்து முதலாளியிடம் போய், வெயில் தணிகிறவரை டவுசர் போட்டுக்கொள்கிறோம் என்று கேட்டிருக்கிறார்கள். அந்த மனுஷன் நல்லவர், சூப்பர்வைசர் சரின்னா எனக்கும் சரி என்றாராம். சூப்பர்வைசர் யார், உங்கப்பா. கால் தெரிய நிக்கறவன் தேச்ச துணியில எவன் படுப்பான், இன்னைக்கு டவுசர் கேப்பீங்க, நாளைக்குக் கோவணம் கேப்பீங்க என்றிருக்கிறார். மாப்பிள்ளை மட்டும் தனியாக அவருடைய கண்ணாடி அறைக்குப் போய், மாமா, தலை சுத்துது மாமா, மத்தியானம் மட்டுமாவது என்று கேட்டிருக்கிறார். நீ கேட்பேன்னு தெரியும்டா அரைக்கால், போய் நில்லு என்று கூடத்தில் எல்லார் காதிலும் விழும்படி சொல்லியிருக்கிறார். மாப்பிள்ளை போய் நின்றார். நின்றவர் அப்படியே மயங்கி மெஷின் மேல் சாய்ந்தார், வலது கை தட்டுக்கு அடியில் போய்விட்டது, மேல்தட்டும் இறங்கிவிட்டது. கட்டுப் பிரித்த அன்று நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். விரல் ஐந்தும் இருக்கிறது, ஒன்றுகூட மடங்கவில்லை. உன் தங்கச்சி அந்தக் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது எனக்கு.

அதற்கும் நான் கத்தரிக்கோலை எடுக்கவில்லை பெரியவனே. விபத்து, யாருக்கும் வரும் என்று உங்கப்பா சொன்னார், நானும் மண்டையை ஆட்டினேன். அப்புறம்தான் லாண்டரியில் பெட்ஷீட் மடிக்கிற அக்கா என்னைப் பார்க்க வந்தாள். அந்தக் கண்ணாடி அறையில் மேஜைக்கு அடியில் உங்கப்பா எப்படி உட்கார்ந்திருப்பார் தெரியுமா, பேண்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்டுக்கொண்டு, ஈரப் பெட்ஷீட்டில் காலை வைத்துக்கொண்டு, ஃபேனைக் கீழ்ப்பக்கம் திருப்பிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். மேஜைக்கு மேலே சூப்பர்வைசர், கீழே டவுசர். மாப்பிள்ளை வந்து கேட்ட அன்றும் அதே கோலம்தான், குனிந்து துணி எடுத்தபோது அவளே பார்த்திருக்கிறாள். அவள் போனதும் பீரோவைத் திறந்தேன். இந்தக் கோடை முழுக்க அவர் பேண்ட்டைத் துவைக்கும்போதெல்லாம் முழங்காலுக்கு மேலே சுற்றிலும் ஒரு மடிப்புக் கோடு இருக்கும், என்னடா இது என்று நினைத்திருக்கிறேன். ஊரார் துணியின் சுருக்கத்தையெல்லாம் எடுத்தவருக்குத் தன் துணியில் இருந்த கோட்டை எடுக்கத் தோன்றவில்லை. எனக்கு அளவெடுக்கிற வேலைகூட இல்லை, அவர் போட்டுவைத்த கோட்டிலேயே வெட்டினேன். டவுசரே போடாத மனுஷனுக்கு டவுசர் கழன்ற கதை இதுதான்.

மறுநாள் காலையில் பீரோவைத் திறந்து நின்ற முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும், வேட்டி லுங்கியைக்கூட நான் பெட்டியில் போட்டுப் பூட்டிவைத்திருந்தேன். அன்று முழுக்கக் கட்டிலைவிட்டு இறங்கவில்லை. சாப்பாட்டைத் தட்டில் போட்டு வாசல் பக்கத்தில் நாற்காலி மேல் வைத்தேன், பசித்தால் வரட்டும் என்று. வந்தார். உங்கப்பா காலை நீ பார்த்து எத்தனை காலம் இருக்கும், உரித்த கோழி கெட்டது, இத்தனை வருஷம் வெயிலே படாமல் வளர்த்த கால். எதிர் வீட்டு டிரைவர், என்ன சார், ஓட்டப் பந்தயமா என்று கேட்டார், நான்தான் ஆமாம்ப்பா, மெதுவா ஆரம்பிச்சிருக்கார் என்று சொன்னேன். மேஜைக்கடி விஷயம் தெரிந்து லாண்டரியிலிருந்தும் முதலாளி அவரை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார், மறுநாளே கூடம் முழுக்க எல்லாரும் டவுசர். அதுவும் அவர் காதுக்குப் போகட்டும் என்று நானே சத்தமாகச் சொன்னேன்.

உன் தங்கச்சி எங்களுக்கு ஒரே ஒரு வார்த்தைதான் சொல்லி அனுப்பினாள், அவர்கிட்ட நேரா பேசறதா இருந்தா மட்டும் அப்பா இந்த வீட்டு வாசப்படி மிதிக்கலாம் என்று. அவரைக் கிளப்பிக்கொண்டு போனேன். பேண்ட் இல்லாம எப்படிடி போறது என்றார், மாப்பிள்ளையும் அப்படித்தான் நம்ம வீட்டுக்கு வந்தார், செத்தா போனார் என்றேன். தெரு முழுக்க அவர் முன்னால், நான் பின்னால். மாப்பிள்ளை எலாஸ்டிக் வைத்த டவுசரில் உட்கார்ந்திருந்தார், மடங்காத விரலால் பொத்தானும் கொக்கியும் போட முடியாது, இனிமேல் அவருக்கு அதுதான். உங்கப்பா தன் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். மாப்பிள்ளை எழுந்துபோய் ஒரு முழுப் பேண்ட்டை எடுத்துவந்தார். கைக்குப் பயிற்சி கொடுக்க ஆஸ்பத்திரிக்குப் போகணும் மாமா, நீங்கதானே பேண்ட் போடச் சொல்வீங்க, மாட்டி விடுங்க என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. உங்கப்பா மண்டியிட்டார் பெரியவனே. ஒரு காலை நுழைத்து, மறு காலை நுழைத்து, கொக்கியை மாட்டி, ஜிப்பை இழுத்தார், பாதியில் சிக்கியது, மறுபடி இழுத்தார். எனக்கு வயிறு குளிர்ந்தது. பொய் சொல்ல மாட்டேன், குளுகுளுவென்று இருந்தது. அதற்குப் பிறகு தினமும் காலையில் அதே வேலை, நான் கூடவே போய்க் கதவோரம் நின்று பார்த்துவிட்டு வருவேன்.

போன வாரம் வெயில் இன்னும் ஏறிவிட்டது. பஸ்ஸில் போய் வருவதற்குள் மாப்பிள்ளைக்குத் தொடையெல்லாம் வேர்க்குரு, இரண்டு தடவை வழியில் உட்கார்ந்துவிட்டாராம். போதும் மாமா, நாளையிலேர்ந்து டவுசர்லயே போயிக்கறேன், நீங்க சும்மா வந்துட்டுப் போங்க என்று சொல்லிவிட்டார். உங்கப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதற்குள் மன்னிப்பா. உங்கப்பா அந்தப் பக்கம் திரும்பியதும் நான் மாப்பிள்ளையிடம் போய், அதெல்லாம் முடியாது மாப்பிள்ளை, கோடை முடியறவரைக்கும் பேண்ட்தான் போடணும், கொஞ்சம் வேர்த்தா என்ன, பொறுத்துக்கிட்டு நில்லுங்க, இவர் தினமும் மண்டி போடணும் என்று சொன்னேன். மாப்பிள்ளை, சரி அத்தை என்று எழுந்து பேண்ட்டை எடுக்கப் போனார். அதைப் பார்த்துக்கொண்டே உன் தங்கச்சி அடுப்படியிலிருந்து வந்தாள். போய் நில்லுன்னு அப்பா சொன்னாரு, பொறுத்துக்கிட்டு நில்லுன்னு நீ சொல்றே, ரெண்டு பேரும் அவரை என்னன்னுதான் நினைச்சிருக்கீங்க என்று கேட்டாள். அப்பாவாவது நேர்ல அரைக்கால்னார், நீ மாப்பிள்ளை மாப்பிள்ளைன்னு சொல்லிக்கிட்டே அதையேதான் பண்றேம்மா என்றாள். என்ன வாய்க்கொழுப்பு பார். என் கைப்பையை எடுத்து என் கையில் கொடுத்தாள், கதவைச் சாத்தினாள். நான் நல்லதுக்குச் சொன்னேன் என்று கதவைப் பார்த்துச் சொல்லிக்கொண்டு நின்றேன், எதிர்ப்புறம் ஒருத்தி துணி காயப்போடுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

இப்போது நிலவரம் இதுதான். உங்கப்பா தினமும் காலையில் வெட்டின பேண்ட்டோடு அங்கே போகிறார், மாப்பிள்ளையின் விரலை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிவிடுகிறாராம். உன் தங்கச்சி அவரிடம் பேசுவதில்லை, ஆனால் உட்கார ஸ்டூல் போடுகிறாளாம். எனக்கு ஸ்டூலும் இல்லை, கதவும் திறப்பதில்லை. நேற்று அவர் திரும்பி வந்ததும், என்னைப் பத்தி ஏதாவது கேட்டாளா என்று கேட்டேன். இல்லையென்று தலையாட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் தன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார், அப்புறம் சிரித்தார், இந்தக் கோடையில் முதல் தடவையாக. நான் அரைக்கால், இப்ப நீயும் அரைக்கால், ரெண்டு பேரையும் கூட்டினாலும் ஒரு கால்தான்டி வருது, முழுசா ஒரு ஆள் தேறல என்றார். தட்டை எடுத்து எறியலாமா என்று இருந்தது, ஆனால் கணக்கு சரியாகத்தான் வருகிறது.

நீ நன்றாக இருக்க வேண்டும், உன் கை கால் சுகத்துக்கு ஒரு குறையும் வரக்கூடாது, அங்கே வெயில் அதிகமென்றால் டவுசரே போட்டுக்கொள், எவன் சிரித்தாலும் சட்டை செய்யாதே. உன் கீழே வேலை செய்கிறவர்கள் கேட்டாலும் போட்டுக்கொள்ளச் சொல். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. உன் தங்கச்சி உன் பேச்சைக் கேட்பாள், போன் செய்து அம்மாவை உள்ளே விடச் சொல். அம்மாவுக்கு வயசாயிடுச்சு, வாய்தான் அப்படி, மனசு அப்படியில்லை என்று நீயாகச் சொல்கிற மாதிரி சொல். நான் எழுதினேன் என்று தெரிய வேண்டாம். ஊருக்கு வரும்போது அவளுக்கும் மாப்பிள்ளைக்கும் பிடித்ததாக ஏதாவது வாங்கி வா. உங்கப்பாவுக்குப் பேண்ட் மட்டும் வாங்கி வராதே, கத்தரிக்கோல் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
மகள் வீட்டு வாசலில் நிற்கும்
உன் அம்மா