பேப்பரில் ஊர்ந்த சிவப்புப் புள்ளி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. தெருவே அடங்கிய பிறகு உட்கார்ந்து எழுதுகிறேன், மன்னித்துக்கொள், கையெழுத்து கோணினால் தூக்கக் கலக்கம் என்று நினைத்துக்கொள். நானும் அப்பாவும் சுகம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன், நம்பாமல் என்ன செய்வது. போனில் சொல்லலாம்தான், ஆனால் நான் வாயைத் திறந்ததுமே சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுவாய்.

போன வாரம் நீ பேச்சுவாக்கில் ஒன்று சொன்னாய். பாதுகாப்புக் கண்ணாடி போட்டால் லேசர் கண்ணுக்கே தெரிவதில்லை, அதனால் கதிரை நேர்ப்படுத்தும்போது லேபில் எல்லாரும் கழற்றி வைத்துவிடுவோம் என்று. சிரித்துக்கொண்டே சொன்னாய். எனக்கு அன்றிலிருந்து அதே நினைப்புதான். ஆனால் உனக்குப் புத்தி சொல்ல எனக்கென்ன தகுதி, நான் ஒளியியல் பரீட்சை எழுதியபோது நீ வயிற்றில் உதைத்துக்கொண்டிருந்தாய், படித்ததில் பாதி அன்றே உன்னிடம் வந்துவிட்டது, மீதியை நான் மறந்துவிட்டேன். அதனால் நானே பார்த்துவிட்டு எழுதலாமென்று பேனா மாதிரி ஒரு லேசர் விளக்கு வாங்கினேன்.

முதலில் கதிர் எவ்வளவு விரிகிறது என்று பார்க்க ஆசை. நம் சுவரில் மிளகளவு இருந்த புள்ளி, தெருவைத் தாண்டித் தையல்காரர் கடைச் சுவரில் சட்டைப் பொத்தான் அளவு ஆகிவிட்டது. நான் பூரித்துப்போய் நிற்கையில் அவருடைய பூனை அதன்மேல் பாய்ந்து, அடுக்கி வைத்திருந்த துணிகளைச் சரித்துவிட்டது. ஏம்மா, தச்சு வச்சதெல்லாம் தரையில கெடக்கு, பூனைக்கு வேடிக்கை காட்ட வேற எடமே கெடைக்கலையா என்றார். ஆராய்ச்சி பண்றேன் என்றேன். மொதல்ல இதை மடிச்சுக் குடுங்க, அப்புறம் ஆராய்ச்சி பண்ணலாம் என்றார். மடித்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பிறகு வீட்டுக்குள்ளேயே கண்ணாடித் தொட்டியில் தண்ணீர் ஊற்றி லேசரை அடித்துப் பார்த்தேன். சுத்தத் தண்ணீரில் கதிர் போவதே தெரியவில்லை. ஒரு சொட்டுப் பால் விட்டதும் இழுத்துக் கட்டிய சிவப்பு நூல் போலப் பளிச்சென்று தெரிந்தது, மேலிருந்து சாய்த்து அடித்தால் தண்ணீரைத் தொட்ட இடத்தில் மடங்கியது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ஊற்றினேன். நூல் தடித்து, மங்கி, தொட்டி முழுக்கச் சிவந்துவிட்டது. கதிர் போன இடம் தெரியவில்லை, காபிக்கு வைத்திருந்த பாலும் போன இடம் தெரியவில்லை.

அப்போதுதான் பக்கத்து நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா, ஏன்டி, முக்கியமான செய்திக்கு அடிக்கோடு போட்டுத் தர்றியா என்றார். திரும்பினால் அவர் பேப்பர்மேல் ஒரு சிவப்புப் புள்ளி ஊர்கிறது. தொட்டிக் கண்ணாடி கதிரில் கொஞ்சத்தைத் திருப்பி வீசியிருக்கிறது. பட்டம் வாங்கிய மேதாவி, தண்ணீருக்குள் போனதையே வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பேப்பரை இறக்கியிருந்தால் அது நேரே கண்ணில் பட்டிருக்கும். உடனே விளக்கை அணைத்துவிட்டேன்.

என்னுடையது கடையில் விற்கிற விளக்கு. உன்னுடையது இரும்பையே வெட்டும் என்று நீதான் பெருமையடித்தாய். நேராகப் போகும் கதிரை நீ பார்த்துக்கொள்வாய், கெட்டிக்காரிதான். ஒரு ஸ்க்ரூமேல் பட்டுத் திரும்புவதை யார் பார்ப்பது? நேர்ப்படுத்தும்போது கதிரின் சக்தியைக் குறைத்து வைத்துக்கொண்டு போட, புள்ளி மட்டும் மங்கலாகத் தெரிகிற கண்ணாடியும் இருக்கிறதாம், உங்கள் சாரிடம் கேள். கேட்க வெட்கமாக இருந்தால் எங்கம்மா ஒரு பயந்தாங்கொள்ளி, தொல்லை தாங்கவில்லை என்று என் தலையில் போடு.

எந்தக் குறையும் இல்லாமல் நூறு வயது இரு கண்ணே, அத்தனை வருஷமும் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு இரு. அப்பாவும் அதையேதான் சொல்லச் சொன்னார், பாலைப் பற்றிச் சொன்னதை எழுதவில்லை. கண்ணாடியைக் கழற்றுவதில்லை என்று ஒரு வரி போதும். சீக்கிரம் பதில் போடு.

இப்படிக்கு,
உன் அம்மா