பிரீத்தியின் வக்கீல் ஃபீஸ்

ஜூன் 3, செவ்வாய்

கத்திரி முடிந்தும் வெயில் அடங்கவில்லை. இன்றைய வேலைகள்: ஈ.பி. பில். மனைவி ஸ்டெல்லாவுக்கு பிரஷர் மாத்திரை. தாம்பரம் பேங்க்.

மூன்றும் முடிந்தது. பேங்க் வேலைதான் பெரிது. டெபாசிட்டை உடைத்து, மகள் பிரீத்தியின் அமெரிக்க வக்கீலுக்கு ஃபீஸ் அனுப்பிவிட்டேன். அவளுடைய கம்பெனி கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்கப் போகிறது. வக்கீல் கொடுத்த ஃபீஸ் விவரத்தை, "சும்மா பாருங்கப்பா" என்று போன வாரம் அனுப்பியிருந்தாள். அடியில் பேங்க் அக்கவுண்ட் நம்பர், ஃபைல் நம்பர் எல்லாம். பணம் கேட்க அவளுக்குக் கூச்சம், எனக்குத் தெரியாதா? பதிவு அலுவலகத்தில் முப்பது வருடம் குமாஸ்தா. ஃபீஸ் கட்டின ரசீதைப் பார்க்காமல் ஒரு பத்திரத்தைத் தொட்டவனில்லை நான்.

கவுண்டர் பெண், "இவ்ளோ பெரிய அமௌண்ட் யாருக்கு சார்?" என்றாள்.

"என் பொண்ணுக்கு. அமெரிக்கால வாட்டர் பிளான்ட் டிசைன் பண்ற இன்ஜினீயர்." கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னேன். பின்னால் நிற்பவர்களும் கேட்கட்டுமே.

ஸ்டெல்லாவிடம் இன்னும் சொல்லவில்லை.

ஜூன் 4, புதன்

காலையில் ஏரியைச் சுற்றி நடை. பக்கத்து வீட்டு மூர்த்தி சாரிடம் சொன்னேன். "மொத்தமும் நீங்களே கட்டிட்டீங்களா சார்? குடுத்து வெச்ச பொண்ணு" என்றார். உச்சி குளிர்ந்தது, மறைப்பானேன்.

மதியம் வத்தக்குழம்பு. உப்பு தூக்கல்.

ஜூன் 6, வெள்ளி

காலை ஏழு மணிக்கு பிரீத்தி போன். வக்கீல் ஆபீஸ் ரசீதை அவளுக்கு அனுப்பிவிட்டது. ஹலோகூட இல்லை.

"யாரைக் கேட்டுப்பா கட்டுனீங்க?"

இந்த முதல் கட்டம் லேபர் சர்டிஃபிகேட்டாம், அந்த வேலைக்கு உள்ளூரில் ஆள் இல்லை என்று அவர்கள் அரசாங்கம் தரும் சான்று. அதற்கான வக்கீல் செலவு முழுக்க கம்பெனியுடையது. சட்டம் அப்படி. வேலை பார்க்கிறவள் சார்பில் வீட்டிலிருந்து பணம் போனால் விண்ணப்பமே அடிபடலாமாம். ஆறு வருட விசாவில் ஐந்தாவது ஓடுகிறது. இது விழுந்தால் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

"சத்தமில்லாம திருப்பி வாங்கிடலாம்மா. கம்பெனிக்கு யார் சொல்லப் போறா?"

"நான் சொல்லப் போறேன்."

"அறிவிருக்கா உனக்கு? பயந்துபோய் ஃபைலை மூடிட்டாங்கன்னா?"

"மூடட்டும். மறைச்சு வாங்குற கார்டுல என் பேர் வேணாம்ப்பா."

வைத்துவிட்டாள். கழுதை, என்னிடமே.

ஸ்டெல்லா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். "டெபாசிட்டயா உடைச்சீங்க?" என்றாள். அப்புறம் நாள் முழுக்க வேளாவேளைக்குத் தட்டு மட்டும் வந்தது.

பயமாக இருக்கிறது. அவளுடைய ஐந்து வருட உழைப்பு, என் ஒரு கையெழுத்தில் போய்விடுமோ?

ஜூன் 9, திங்கள்

பிரீத்தி கம்பெனியில் சொல்லிவிட்டாள். பதில் இன்னும் இல்லை. வக்கீல் என்னிடம் ஒரு கடிதம் கேட்டிருக்கிறார்: பணம் நான் அனுப்பியது, மகளுக்கும் கம்பெனிக்கும் தெரியாது என்று.

எத்தனை ஆயிரம் பத்திரம் சரிபார்த்தவன். இதற்கு மூன்று தாள் வீண். மூன்றிலும் "நல்லெண்ணத்தில்" என்று எழுதியிருந்தேன். ஸ்டெல்லா வாங்கிப் படித்தாள்.

"தப்புன்னு ஒரு வார்த்தைகூட இல்லையேங்க இதுல?"

நான்காவதில் எழுதினேன். தப்பு என்னுடையது. ஸ்கேன் எடுத்து அனுப்பியாயிற்று. வரும் வழியில் தக்காளி, கொத்தமல்லி.

என்னைக் காட்டிக்கொடுத்தவள் மேல் கோபம் வர வேண்டும். வரவில்லை. அவள் வயதில் நான் மேலதிகாரி முன்னால் வாயைத் திறந்ததே இல்லை. இவள் தன் விசாவையே பணயம் வைத்துப் பேசியிருக்கிறாள். பெருமையாக இருக்கிறது. வெட்கமாகவும்.

ஜூன் 12, வியாழன்

தூறல். தண்ணீர் லாரி வரவில்லை.

ஆறரைக்கே பிரீத்தி வீடியோவில். வக்கீல் பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார். முதலாளியம்மா அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினாராம்.

"என்னடி சொன்னாங்க?" ஸ்டெல்லா கையில் தோசைக் கரண்டி.

"நான் சொல்லலன்னா அவங்களுக்குத் தெரிஞ்சே இருக்காதாம். வக்கீலையும் லைன்ல வெச்சுக்கிட்டே சொன்னாங்கம்மா, 'இவளை விட முடியாது. எவ்ளோ ஆனாலும் கம்பெனி கட்டும்'னு."

விண்ணப்பம் போகிறது.

"சாப்ட்டியாம்மா?" என்று மட்டும் கேட்டேன். அடுப்பில் தோசை கருகிய வாசனை. யாரும் நகரவில்லை.

கார்டு கைக்கு வர இன்னும் எத்தனை வருடமோ. வருடா வருடம் ஏதாவது ஃபீஸ் வருமாம். வரட்டும். கம்பெனி கட்டட்டும். என் பொண்ணுக்குக் கட்டாமல் வேறு யாருக்குக் கட்டப் போகிறார்கள்?